படம் ஓடலைன்னா பட்டிக்காட்டான் மேல பழியா?

"வீடியோ ஓடலை"ன்னு ஊர்க்காரன் ஒருத்தன் சொன்னா, பட்டணத்து மக்கள் கேக்குற முதல் கேள்வி: "நீங்க எதை அமுக்குனீங்க?" எங்காளுகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, எதையோ கெடுத்துட்டாய்ங்கன்னு ஒரு முடிவு. அந்த முடிவு தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்க ஒத்தக்கடைப் பக்கம் பங்காளி ஒருத்தர் அறுத்துக் காயப்போட்ட கதிர் மழையில நனைஞ்சு போச்சு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுல இதுக்கு 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். சொல்லிட்டார். அத்தாட்சிக்கு மகனோட செல்போன்ல வீடியோ எடுத்து, பென் டிரைவ்ல போட்டு ஒரு அலுவலகத்துக்குக் கொண்டு போனார். சத்தம் வந்துச்சு, படம் வரலை. "ஃபைல் கெட்டுப்போச்சு, வேற எடுத்துட்டு வாய்யா"ன்னுட்டாய்ங்க. வேற எடுக்குறதுக்கு நனைஞ்ச கதிர் முளைக்காம அப்படியே காத்துக் கிடக்குமா?

அந்த ஃபைல் கெடவே இல்லை. எம்.பி.4, எம்.கே.வி. எல்லாம் சாக்கு மாதிரி. ஒரே சாக்குல நெல்லும் கட்டலாம், கடலையும் கட்டலாம். உள்ள படத்தைச் சுருக்கி வெச்சிருக்குற முறைக்குப் பேரு கோடெக். பழைய முறை எச்.264. 2013-ல வந்தது எச்.இ.வி.சி.; கிட்டத்தட்ட பாதி இடத்துல அதே படம். ஐபோன் 2017-ல இருந்தே இதுக்கு மாறிடுச்சு, ஆண்ட்ராய்டு போன் பலதுலயும் இருக்கு. ஆனா விண்டோஸ் கம்ப்யூட்டர் நிறைய இதைப் பிரிக்காது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல தனியாக் காசு கட்டணும், அமெரிக்க விலைக்கு 99 சென்ட். காரணம் காப்புரிமை.

கண்டுபிடிச்சவனுக்குக் காசு வேண்டாமான்னு கேப்பீங்க. வேணும்தான். ஆனா போன் விலையிலயே அந்த உரிமத் தொகையும் சேர்ந்துதானே வருது? நம்ம வயலை நாமளே எடுத்த படத்தைப் பாக்க ரெண்டாவது தடவையும் கப்பம் கட்டணும்னா, அது எந்த ஊர் நியாயம்?

இதுக்கு மருந்து இலவசமாவே இருக்கு. வி.எல்.சி. பாரிஸ்ல 1996-ல கல்லூரி மாணவர்கள் தொடங்குனது, 2001-ல பொதுவுக்கு விட்டாய்ங்க. கோடெக்கெல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. நம்ம நாட்டுல என்ன பண்ணாய்ங்க? 2022 பிப்ரவரி வாக்குல அதோட வலைத்தளத்தையே முடக்குனாய்ங்க. ஏன்னு ஒரு பொது அறிவிப்பு கிடையாது. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் துணையோட சட்ட நோட்டீஸ் போனதுக்கு அப்புறம்தான் நவம்பர்ல திறந்துச்சு. நல்ல கடையைப் பூட்டுனா சனம் கள்ளக் கடைக்குத்தான் போகும். எவனோ வைரஸ் சேர்த்து வெச்ச போலியை இறக்கிட்டு முழிக்கும். அதுக்கும் பழி சனத்து மேலதான்.

வீடியோ ஓடலைன்னா பாக்க வேண்டியது இவ்வளவுதான். சத்தம் வந்து படம் வரலைன்னா பெரும்பாலும் கோடெக் சங்கதி, வி.எல்.சி.யில போட்டுப் பாருங்க. ஃபைல் பேர்ல எம்.கே.வி.யை எம்.பி.4-னு மாத்துறதால ஒண்ணும் ஆகாது, சாக்கு மேல எழுத்தை மாத்துனா கடலை நெல்லாகுமா? போன்ல இருக்குற அளவும் பென் டிரைவ்ல இருக்குற அளவும் ஒண்ணா பாருங்க. குறைஞ்சா பாதிதான் ஏறியிருக்கு. எடுக்கும்போதே போன் அணைஞ்சிருந்தா, கடைசியில எழுதுற அட்டவணை இல்லாம எம்.பி.4 திறக்காது, அதுதான் நெசமான சேதம். ஐபோன்காரங்க கேமரா அமைப்புல 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வெச்சுக்கிட்டா இந்தத் தொல்லையே இல்லை.

அலுவலகங்களுக்கு ஒண்ணு கேக்குறேன். விவசாயிகிட்ட வீடியோ வாங்குற ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் அதைத் திறக்குற இலவச மென்பொருளைப் போட்டு வைங்க. பத்து நிமிச வேலை, பைசா செலவில்லை. அதைச் செய்யாம "கெட்டுப்போச்சு"ன்னு ஒரு மனுசனைத் திருப்பி அனுப்புறதுக்கு எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது.