ரசிகன் தொட்டால் திருட்டு, கம்பெனி தொட்டால் கலையா?

வீடியோ கேம் ரசிகர்கள் என்றாலே பலருக்கு ஒரு இளக்காரம் உண்டு. "வேலை வெட்டி இல்லாம அடுத்தவன் உருவாக்கின பாத்திரத்தை வரைஞ்சுகிட்டு இருக்கான்" என்பார்கள். கொஞ்சம் நாகரிகமானவர்கள் இதையே "சொந்தமா ஏதாவது யோசிக்கலாமே?" என்று கேட்பார்கள். கேம் கம்பெனிகளின் வக்கீல்கள் இன்னும் ஒரு படி மேலே போய் நோட்டீஸ் அனுப்புவார்கள். மூன்று தரப்பும் சொல்வது ஒன்றுதான்: ரசிகன் செய்வது கலை இல்லை, நகல். மிஞ்சிப்போனால் திருட்டு.

மூன்று தரப்பும் சொல்வது தப்பு. ஏன் தப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு மெட்டின் கதை. 1994-ல் ஜப்பானில் 'மதர் 2' என்ற கேமை நின்டென்டோ வெளியிட்டது. அடுத்த வருடம் அது 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பெரிதாக விற்கவில்லை. ஆனால் விளையாடிய சிலர் அதன் மேல் பைத்தியமாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் டோபி ஃபாக்ஸ். 2008-ல் அவர் அந்த கேமின் கோப்பையே பிரித்து மேய்ந்து, ஹாலோவீன் பண்டிகைக்காக ஒரு திகில் கதையாக மாற்றிப்போட்டார். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. அதன் கடைசிச் சண்டைக்காக அவர் போட்ட மெட்டுதான் 'மெகலோவேனியா'.

2015-ல் அதே டோபி ஃபாக்ஸ், பெரும்பகுதி வேலையைத் தனியாளாகவே செய்து, 'அண்டர்டேல்' என்ற சொந்த கேமை வெளியிட்டார். உலகமே கொண்டாடியது. அதிலும் மெகலோவேனியா இருந்தது. 2019-ல் நின்டென்டோவின் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' கேமுக்குள் அண்டர்டேல் பாத்திரத்தின் உடையும், கூடவே அந்த மெட்டின் புது வடிவமும் அதிகாரபூர்வமாக நுழைந்தன. 2022 ஜனவரியில் வாத்திகனில் போப் பிரான்சிஸ் முன்னால் சர்க்கஸ்காரர்கள் வித்தை காட்டியபோது ஒலித்ததும் அதே மெட்டுதான் :-)

இப்போது கணக்குப் போடுங்கள். நின்டென்டோவின் கேமை அனுமதியில்லாமல் மாற்றிய ஒருவர், அந்த "திருட்டு" வேலைக்காகப் போட்ட மெட்டு, பதினோரு வருடம் கழித்து நின்டென்டோவின் கேமுக்குள்ளேயே மரியாதையோடு ஒலிக்கிறது. 2008-ல் யாராவது நோட்டீஸ் அனுப்பி அந்தப் பையனை மிரட்டி உட்கார வைத்திருந்தால்? அண்டர்டேல் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த மில்டன் குவாஸ்தி, 1991-ல் கேம் பாய்க்கு வந்த 'மெட்ராய்டு 2' கேமை முழுக்கப் புதிதாக வரைந்து, புதிதாக இசையமைத்து, நண்பர்கள் துணையோடு உருவாக்கினார். கிட்டத்தட்ட பத்து வருட உழைப்பு. 2016 ஆகஸ்டில், மெட்ராய்டின் முப்பதாவது ஆண்டுக்குப் பரிசாக இலவசமாக வெளியிட்டார். ஒரு பைசா வாங்கவில்லை. உடனே நின்டென்டோவின் தரப்பிலிருந்து நோட்டீஸ் பறந்தது. அதே மாதம், ஒன்பது வருடம் உழைத்து வெளியிடப்பட்ட 'போக்கிமான் யுரேனியம்' என்ற ரசிகர் கேமுக்கும் அதே கதிதான். பத்து லட்சத்துக்கும் அதிகமான முறை தரவிறக்கப்பட்ட கேம் அது. அதையும் எடுக்கச் சொன்னார்கள்.

கொடுமை அதோடு முடியவில்லை. அந்த வருடம் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த ரசிகர் படைப்புக்கான பட்டியலில் இந்த இரண்டு கேம்களின் பெயரும் வந்தன. பிறகு இரண்டும் சத்தமில்லாமல் நீக்கப்பட்டன. விருது வேண்டாம், பட்டியலில் பெயர் இருப்பது கூடவா குற்றம்?

2017 செப்டம்பரில் நின்டென்டோ அதே மெட்ராய்டு 2-ஐ 'சாமஸ் ரிட்டர்ன்ஸ்' என்று தானே மறுபடி செய்து விற்றது. அவரைப் பார்த்துத்தான் இவர்கள் செய்தார்கள் என்று சொன்னால் அது அபாண்டம். ஒரு கேமை உருவாக்க வருடக்கணக்கில் ஆகும், கம்பெனிக்குத் தன் சரக்கைக் காப்பாற்றும் கவலையும் இருந்திருக்கும். சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் குவாஸ்தியின் சோதனைப் பதிப்புகள் வருடக்கணக்காக ஊரறிய வெளிவந்துகொண்டிருந்தனவே? அப்போதே ஒரு கடிதம் போட்டு "தம்பி, இது வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் ஒரு மனிதனின் இத்தனை வருடம் மிஞ்சியிருக்கும். பயிர் விளைகிற வரை வேடிக்கை பார்த்துவிட்டு, அறுவடை நாளில் வந்து வேலி போடுவது என்ன நியாயம்?

அந்த உழைப்பின் தரம் என்ன என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் 'மூன் ஸ்டுடியோஸ்' குவாஸ்தியை வேலைக்கு எடுத்தது. 2020-ல் வந்த 'ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ்' கேமில் அவர் கைவண்ணம் இருக்கிறது. ஒரு கம்பெனிக்குக் குற்றமாகத் தெரிந்தது இன்னொரு கம்பெனிக்குத் தகுதியாகத் தெரிந்திருக்கிறது!

இங்கேதான் சட்டம் தெரிந்தவர்கள் குறுக்கே வருவார்கள். "கம்பெனி என்ன செய்யும் பாவம், கண்டுகொள்ளாமல் விட்டால் உரிமையே போய்விடுமே" என்பார்கள். இது பாதி உண்மை, பாதி குழப்பம். வணிகச் சின்னம் வேறு, பதிப்புரிமை வேறு. ஒரு பெயரை ஊரார் எல்லாம் இஷ்டத்துக்குப் பயன்படுத்த விட்டால் வணிகச் சின்ன உரிமை பலவீனப்படலாம், உண்மைதான். பதிப்புரிமை அப்படி இல்லை. ஒரு ரசிகன் மேல் வழக்குப் போடவில்லை என்பதற்காக எந்தக் கம்பெனியும் தன் கேமின் பதிப்புரிமையை இழந்துவிடாது. அனுமதி கொடுத்தால் சின்னத்துக்கும் ஆபத்து இல்லை. ஆக, "வேறு வழியில்லை" என்பது சாக்கு. வழி இருக்கிறது, மனம்தான் இல்லை.

வழி இருக்கிறது என்பதற்கு செகா கம்பெனியே அத்தாட்சி. ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் வைட்ஹெட் சோனிக் ரசிகராக இருந்து, பழைய சோனிக் கேம்கள் போலவே இயங்கும் நிரலைத் தானே எழுதியவர். செகா அவருக்கு நோட்டீஸ் அனுப்பவில்லை, வேலை கொடுத்தது. 2011-ல் 'சோனிக் சிடி'யின் மறுவெளியீட்டை அவர் செய்தார். 2017-ல் இன்னும் சில ரசிகர்களோடு சேர்ந்து 'சோனிக் மேனியா'வை உருவாக்கினார். இசையமைத்த டீ லோப்ஸும் சோனிக் பாடல்களைத் தன் பாணியில் வாசித்து வெளியிட்டுவந்த ரசிகர்தான். விமர்சகர்கள் பல வருடங்களில் வந்த சிறந்த சோனிக் கேம் என்று அதைப் புகழ்ந்தார்கள். செகாவின் உரிமை எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. பெட்டியில் பணமாக வந்து விழுந்தது.

ஜப்பானில் இன்னும் தாராளம். 'தோஹோ ப்ராஜெக்ட்' என்ற கேம் வரிசையை உருவாக்குபவர் ஸுன் என்ற ஒரே ஆள். நிரல், ஓவியம், இசை எல்லாம் அவரே. ரசிகர்கள் தன் பாத்திரங்களை வைத்துக் கதை எழுதலாம், வரையலாம், இசையமைக்கலாம், கேம் கூடச் செய்யலாம் என்று அனுமதித்துவிட்டு, எதைச் செய்யக்கூடாது என்று விதிகளையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். விளைவு? ரசிகர்களே தங்கள் படைப்புகளைக் கொண்டுவந்து விற்கும் டோக்கியோவின் காமிகெட் சந்தையில் தோஹோவுக்கென்றே ஒரு பட்டாளம் உருவானது. 1998-ல் அவர் ஒரு கேமுக்காகப் போட்ட 'பேட் ஆப்பிள்' என்ற மெட்டை 2007-ல் ரசிகர்கள் பாட்டாக்கினார்கள். 2009-ல் வேறு ரசிகர்கள் அதற்குக் கறுப்பு வெள்ளை நிழலாட்டமாக ஒரு படம் செய்தார்கள். கேமையே தொடாத லட்சக்கணக்கானவர்களுக்கு ஸுன்னை அறிமுகம் செய்தது அந்தப் படம்தான். எந்த விளம்பரக் கம்பெனி இதைச் செய்து கொடுக்கும்?

இனி "சொந்தமா யோசி" கோஷ்டிக்கு வருவோம். இவர்கள் விளையாடும் கேம்களின் ஜாதகத்தைப் பார்த்தாலே போதும். 'கவுண்டர் ஸ்ட்ரைக்' 1999-ல் 'ஹாஃப் லைஃப்' என்ற கேமை மாற்றி மின் லீ, ஜெஸ் க்ளிஃப் என்ற இரண்டு மாணவர்கள் செய்தது. 'டோட்டா', 'வார்கிராஃப்ட் 3'-க்கு ரசிகர்கள் போட்ட ஒரு வரைபடம். அதிலிருந்து கிளைத்ததுதான் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்'. கோடி கோடியாகப் பரிசு கொட்டும் போட்டிகளின் வேர் எல்லாம் இந்த "நகல்" வேலையில்தான் இருக்கிறது. சொந்த யோசனை வானத்திலிருந்து பொத்தென்று விழுவதில்லை. சித்திரமும் கைப்பழக்கம். பிடித்ததை வரைந்து வரைந்துதான் கை பழகும்.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் 2020-ல் 'வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு' வந்தபோது, ரசிகர்கள் செய்யும் கேம்கள் எல்லாம் தங்களுக்கே சொந்தம் என்று ப்ளிசார்ட் விதி எழுதிக்கொண்டது. ரசிகன் எடுத்தால் திருட்டு, ரசிகனிடமிருந்து எடுத்தால் ஒப்பந்தம். மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம்!

அப்படியென்றால் ரசிகன் எதை வேண்டுமானாலும் செய்யலாமா? இல்லை. கம்பெனியின் கேமையே பிரதி எடுத்து விற்பவனும், அதிகாரபூர்வ சரக்கு என்று ஏமாற்றுபவனும் ரசிகன் இல்லை, வியாபாரி. ஊர் பேர் தெரியாத ஒரு ரசிகை வரைந்த படத்தைத் திருடி டி-ஷர்ட்டில் அடித்து விற்பவன் அதைவிட மோசம். அவர்கள் மேல் நோட்டீஸ் பாயட்டும், யாரும் அழப்போவதில்லை. பத்து வருடம் இரவு கண்விழித்து இலவசமாகக் கொடுத்தவனையும் அதே கூண்டில் நிறுத்துவதுதான் அநியாயம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஸுன் என்ற தனி மனிதர் செய்ததை ஆயிரக்கணக்கான ஊழியர்கள் உள்ள கம்பெனிகளும் செய்யட்டும். எது கூடும், எது கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். முடியாத காரியமா? கேம் வீடியோக்களுக்கு நின்டென்டோவே 2018-ல் அப்படி விதிகளை வெளியிட்டதே! ரசிகர் கேம்களுக்கும் எழுதட்டும். விதி கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை, முதலிலேயே தெரிந்தால் போதும்.

ஏகலைவன் துரோணரிடம் எதையும் திருடவில்லை. சிலை செய்து வைத்து, தானாகவே பழகினான். வித்தை கைகூடிய பிறகு குரு வந்து கேட்டது கட்டைவிரலை. அந்தக் கதையைக் கேட்கும் எல்லோருக்கும் கோபம் யார் மேல் வருகிறதோ, அவர் மேல்தான் இங்கேயும் வர வேண்டும்.