கடைசி வண்டியின் வேகமே குழுவின் வேகம்

ஆரணியிலிருந்து போளூரைக் கடந்து சென்றால் ஜவ்வாது மலைச் சாலை தொடங்குகிறது. செய்யாறும் கமண்டல நாகநதியும் பிறக்கும் இம்மலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோடை விடுமுறையிலும் நம் ஊர் இளைஞர்கள் ஐந்து வண்டி, பத்து வண்டி எனக் கூட்டமாக மோட்டார் சைக்கிளில் செல்வது வழக்கமாகிவிட்டது. ஜமுனாமரத்தூரையும் பீமன் அருவியையும் பார்த்துத் திரும்புவோர் பலர். சிலர் இன்னும் தொலைவு சென்று ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஏறி இறங்கி வருகின்றனர்.

இப்பயணங்களைப் பற்றி வீடுகளில் பொதுவாக இரண்டு குரல்கள் கேட்கின்றன. "போகவே கூடாது" என்பது ஒன்று. "வயதுப் பிள்ளைகள், போய்வரட்டும்" என்பது மற்றொன்று. இரண்டும் அந்த அளவிலேயே நின்றுவிடுகின்றன. புறப்படும் பிள்ளையிடம் மூன்றாவதாக ஒரு கேள்வியைக் குடும்பத்தினர் கேட்க வேண்டும் என்பது என் கருத்து: "உங்களில் கடைசி வண்டியில் வருபவர் யார்? அவருக்காக யார் காத்து நிற்பார்?" இக்கேள்விக்குத் தெளிவான விடை சொல்லும் குழு பெரும்பாலும் முழுமையாக வீடு திரும்பும். விடை சொல்லத் தெரியாத குழு இன்னும் புறப்படத் தயாராகவில்லை என்றே கொள்ளலாம்.

தடை விதிப்பதை நான் ஏன் ஆதரிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு நாளும் குழித்தறியில் அமர்ந்து, ஒரே மிதியை மிதித்து, ஒரே நாடாவைத் தள்ளும் இளைஞனுக்கு மலைக்காற்றும் நண்பர்களின் சிரிப்பும் தேவை. உடலுக்கு வேறுவகை அசைவும் கண்ணுக்குத் தொலைதூரப் பசுமையும் நல்லவை என்பதை எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தடுக்கப்பட்ட பயணம் பல வேளைகளில் ஒளித்துச் செல்லும் பயணமாக மாறுகிறது. "காஞ்சிபுரத்தில் கல்யாணம்" என்று சொல்லிவிட்டு மலைக்குச் செல்பவன் தலைக்கவசத்தை எடுத்துச் செல்ல மாட்டான். செல்லும் வழியைச் சொல்ல மாட்டான். கீழே விழுந்தாலும் முதலில் வீட்டுக்குத் தெரிவிக்க மாட்டான். அச்சத்தால் மறைக்கப்படும் காயமே மருத்துவமனைக்குத் தாமதமாக வந்து சேரும் காயம்.

அதே வேளையில் "போய்வரட்டும்" என்று மட்டும் சொல்வதும் போதாது. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்று, புவிசார் குறியீடும் பெற்ற ஊர் நம்முடையது. இங்கே ஒரு மணிக்கட்டு முறிந்தால் முறிவது ஓர் எலும்பு மட்டுமன்று. தறியில் ஏற்றிய பாவு பாதியில் நிற்கும். துணைக்கு இழை எடுத்துக் கொடுப்பவருக்கும் வேலை நிற்கும். முகூர்த்த மாதத்திற்குள் சேலையைத் தருவதாகச் சொல்லி வாங்கிய முன்பணம் கடனாக நிற்கும். அலுவலகத்தில் பணிபுரிபவர் கையில் மாவுக்கட்டுடனும் சில வேலைகளைச் செய்துவிடலாம். நெசவாளருக்கு அது இயலாது. ஆகவே நம் ஊரில் ஒரு மலைப்பயணத்தின் பாதுகாப்பு என்பது ஒரு குடும்பத்தின் பல மாத வருமானத்தைப் பற்றிய செய்தியும் ஆகும்.

இனி, கடைசி வண்டியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு வருகிறேன். பத்து வண்டிகள் வரிசையாகச் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் வேகத்தைக் குறைக்கின்றனர். முதல் வண்டி வளைவைத் தாண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தை எட்டும்போது பத்தாவது வண்டி இன்னும் வளைவுக்குள் நுழைந்திருக்காது. அடுத்த அரை நிமிடத்திற்குள் முதல் வண்டி 300 மீட்டருக்கு மேல் சென்றுவிடும். விட்ட இடைவெளியைப் பிடிக்கக் கடைசியில் வருபவர் 50, 60 என்று முடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வளைவில் இதே கதை மீண்டும் நிகழ்கிறது. இழுத்து விட்ட ரப்பர் பட்டையின் நுனியைப் போலக் குழுவின் வால்பகுதிதான் மிகுதியாகத் துள்ளுகிறது. முதலில் செல்பவர் மிதமாகவே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் வருபவரோ பந்தயத்தில் ஓடுவதுபோல ஓடிக்கொண்டிருப்பார்.

பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தில் இருப்பவர் யார்? புதிதாக ஓட்டப் பழகியவர், பழைய வண்டி வைத்திருப்பவர், பின்னால் ஒருவரை அமர்த்தியிருப்பவர். அதாவது, மிகக் குறைந்த அனுபவம் உடையவரே மிக அதிக வேகத்தில் செல்ல வேண்டிய நிலை. "மெதுவாகப் போங்கள்" என்று நண்பர்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். கேலி செய்வார்களோ என்ற அச்சம் அவர் கையை முடுக்குகிறது. அவர் விழுந்தால் அதைத் தனி ஒருவரின் தவறாகப் பேசுகிறோம். உண்மையில் அது குழு சென்ற முறையின் விளைவு.

இதற்குத் தீர்வு எளியது, செலவு இல்லாதது. அனுபவம் குறைந்தவரை இரண்டாவது இடத்தில் வைக்க வேண்டும். முன்னால் செல்பவர் தம் கண்ணாடியில் அவரைப் பார்த்து அவர் வேகத்திற்கு ஏற்பச் செல்ல வேண்டும். நன்கு ஓட்டத் தெரிந்தவர், முதலுதவிப் பையுடன் கடைசியில் வர வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. சாலை பிரியும் இடத்தில் பின்வண்டி கண்ணில் படும்வரை பாதுகாப்பான ஓரத்தில் நிற்க வேண்டும். யாரும் யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை என்பதைப் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். குழு பெரிதானால் நான்கு, ஐந்து வண்டிகளாகப் பிரிந்து செல்வது நலம்.

மலைச்சாலைக்கே உரிய சில ஒழுங்குகளும் உண்டு. ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே அளவு தாழ்ந்த கியரில்தான் இறங்கவும் வேண்டும். இறக்கம் முழுவதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குவது பெட்ரோல் சேமிப்பு அன்று, பெரும் ஆபத்து. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும், வளைவுக்குள் அன்று. குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வருபவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. இச்சாலைகள் நம் உல்லாசத்திற்கென்று போடப்பட்டவை அல்ல. மலைக்கிராம மக்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வந்துபோகும் வழி அது. வளைவுக்கு அப்பால் ஒரு பள்ளிச் சிறுமியோ ஒரு பசுவோ நிற்கக்கூடும் என்று எண்ணியே ஒவ்வொரு வளைவிலும் திரும்ப வேண்டும்.

உறக்கமும் ஒரு பாதுகாப்புக் கருவிதான். சனிக்கிழமை இரவு வெகுநேரம் தறியில் இருந்துவிட்டு ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்குப் புறப்படுவது வழக்கமாகியுள்ளது. நாளெல்லாம் வேலை செய்து களைத்த விரல்களால் கிளட்சையும் பிரேக்கையும் உரிய நேரத்தில் இயக்க இயலாது. நன்றாக உறங்கி, பொழுது விடிந்த பின் புறப்பட்டு, மணிக்கு ஒருமுறை இறங்கி நடந்து, தண்ணீர் குடித்துச் செல்வதே முறை.

தலைக்கவசத்தைப் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தி. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பி, தூக்கி எறியப்பட்டார். தலையில் காயமுற்ற அவர் ஆறு நாள்களுக்குப் பின் உயிரிழந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களைப் பின்னர் ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைக்கவசம் உயிரிழப்பின் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயத்தின் வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பது தெரியவந்தது. ஓட்டுபவருக்கு மட்டுமன்றிப் பின்னால் அமர்பவருக்கும் அது சட்டப்படி கட்டாயம். வார் பூட்டப்படாத தலைக்கவசம் விழும்போது முதலில் கழன்று போகும் என்பதையும் மறவாதீர்கள்.

செல்லும் வழியை வீட்டில் சொல்லிச் செல்வது ஏன் இன்றியமையாதது என்பதற்கு நம் மாநிலத்திலேயே துயரமான சான்று உண்டு. 2018 அக்டோபர் தொடக்கத்தில், உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில், சென்னையிலிருந்து சுற்றுலா வந்த ஏழு பேர் சென்ற கார் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள்களுக்குப் பின்னரே அது கண்டுபிடிக்கப்பட்டது. ஐவர் உயிரிழந்திருந்தனர், இருவர் உயிருடன் மீட்கப்பட்டனர். காருக்கே இந்த நிலை என்றால், ஒரு மோட்டார் சைக்கிள் புதருக்குள் மறைவது எவ்வளவு எளிது! கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத வளைவுகள் மலையில் பல. அங்கே ஒருவர் விழுந்ததை உலகுக்கு அறிவிக்கக் கூடியவர் அவருக்குப் பின்னால் வரும் நண்பர் மட்டுமே. பின்னால் யாரும் இல்லையெனில் அறிவிப்பவரும் இல்லை.

ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் இரண்டு வளைவுகளிலும் ஆள் நிறுத்தி மற்ற வண்டிகளை மெதுவாக்குங்கள். காயமுற்றவரை இழுத்து நிமிர்த்தாதீர்கள். மூச்சு தடைபட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இருவருக்கு நடுவே அமர்த்தி மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவது, முதுகெலும்பில் அடிபட்டவரை வாழ்நாள் முழுதும் நடக்க இயலாதவராக்கிவிடக் கூடும். 108ஐ அழையுங்கள், சமிக்ஞை இல்லையெனில் இருவர் சேர்ந்து அது கிடைக்கும் இடத்திற்குச் சென்று அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள்.

"வழக்கு வருமே, செலவு வருமே" என்ற தயக்கம் வேண்டாம். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரை வற்புறுத்த இயலாது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், மாநிலத்தின் சாலைகளில் விபத்துக்குள்ளாகும் எவருக்கும், காப்பீட்டு அட்டை இல்லாவிடினும், திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணிநேரத்திற்கான சிகிச்சை நிர்ணயித்த வரம்புக்குள் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

சிறிய விழுதலையும் புறக்கணிக்காதீர்கள். கையை ஊன்றி விழுபவருக்கு, கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டில் இருக்கும் ஒரு சிறு எலும்பு முறிவது உண்டு. வீக்கம் குறைவாக இருக்கும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்துவிட்டுத் தறிக்குத் திரும்பினால் எலும்பு கூடாமலே நின்று, பிடியின் வலிமை குன்றிவிடும். அவ்விடத்தில் அழுத்தும்போது வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால் பத்துப் பதினான்கு நாள்களில் மீண்டும் எக்ஸ்ரே எடுங்கள். நாடாவைப் பிடிக்கும் கைக்கு இந்த எச்சரிக்கை மிகையன்று.

இவ்வளவு ஒழுங்கு வைத்தால் பயணத்தில் இன்பம் எங்கே என்று இளைஞர்கள் கேட்கலாம். எல்லோரும் ஒன்றாக மேலே போய்ச் சேர்ந்து, ஒன்றாக அமர்ந்து தேநீர் குடிப்பதுதானே நண்பர்களோடு செல்வதன் இன்பம்? ஒருவன் முன்னே பறந்துபோய் அரைமணி நேரம் காத்திருப்பதும், மற்றொருவன் பயந்துகொண்டே துரத்தி வருவதும் கூட்டுப்பயணம் ஆகாது. தனித்தனியாகச் செல்பவர்கள் ஒரே சாலையில் செல்வது மட்டுமே அது.

ஆகவே பெற்றோர்களே, மூத்தவர்களே, உரிமம் பெற்ற உங்கள் பிள்ளை மலைக்குச் செல்ல விரும்பினால் வாசலை மறிக்காதீர்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடன்செல்லும் இருவரின் கைப்பேசி எண்களைக் கேளுங்கள். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். "என்ன நடந்தாலும் முதலில் எங்களுக்குச் சொல், திட்ட மாட்டோம்" என்று உறுதி கொடுங்கள். உரிமம் பெறும் வயதை எட்டாத பிள்ளையிடம் மட்டும் வண்டிச் சாவியைத் தராதீர்கள். சட்டம் அதற்குப் பெற்றோரையே பொறுப்பாக்குகிறது. இறுதியாக, கடைசி வண்டியில் வருபவர் யார் என்று கேளுங்கள். நீங்கள் கேட்ட அந்தக் கேள்வி மலைச்சாலையில் உங்கள் பிள்ளையின் காதில் ஒலித்து, ஒரு வளைவில் அவனை நிறுத்தி, பின்னால் வரும் நண்பனுக்காகக் காத்திருக்கச் செய்யும்.