யாருக்குக் கைதட்டுவது?



பிரிட்டனின் ஸ்பீட்வே பைக் பந்தயத்தில் கூட்டம் குறைவதற்கு டிக்கெட் விலை மட்டும் காரணமல்ல. பிரேக்கே இல்லாத 500 சிசி பைக்குகள் வளைவில் சறுக்கித் திரும்பும்போது வேலியோரம் நிற்பவர் முகத்தில் தடத்தின் செந்துகள் தெறிக்கும். அதற்குக் காசு கொடுக்க ரசிகர் தயங்கமாட்டார். ஆனால் ஒரு ஹீட், அதாவது ஒரு தனிப் பந்தயம், ஒரு நிமிடம்தான். மற்ற நேரம் டிராக்டர் தடத்தைச் சீர்செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்!

அதைவிடக் கோபம் ‘கெஸ்ட்’ விதி மீதுதான். காயம்பட்டவருக்குப் பதிலாக வேறு அணி வீரரைக் கடன் வாங்கினால் யாருக்குக் கைதட்டுவது? ஓர் அணியின் வீரர்களுடைய சராசரிப் புள்ளிகளின் கூட்டுத்தொகைக்கு விதிக்கும் வரம்போ, ஜெயித்த அணியையே அடுத்த ஆண்டு கலைக்க வைக்கிறது. எங்கள் கவென்ட்ரி அணியின் பிராண்டன் மைதானத்திலோ 2016-க்குப் பின் பந்தயமே இல்லை. இந்த விளையாட்டு பிழைக்க வேண்டுமானால், அணி முதலாளிகளே விதி வகுப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பொறுப்பைச் சுயேச்சையான நிர்வாகத்திடம் ஒப்படைக்கட்டும்.

– ஒரு வாசகர், கவென்ட்ரி