நடுவர் தீர்ப்பும் மக்கள் வாக்கும்

திருவனந்தபுரத்தில் நிகழும் கேரள அனைத்துலகத் திரைப்பட விழாவில், நடுவர் குழு ஆய்ந்தளிக்கும் சுவர்ண சகோரமும் உண்டு; வந்தோர் வாக்கிட்டளிக்கும் பரிசும் உண்டு.

2022 டிசம்பரில் நடுவர்கள் தேர்ந்தது பொலிவிய நாட்டு 'உதாமா'. வறட்சியிலும் பிறந்த மண்ணை விட்டகல மறுக்கும் முதிய தம்பதியர் கதை அது. மக்கள் வாக்கோ லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்திற்குக் கிட்டியது. மலையாளி ஒருவர் தமிழ்ச் சிற்றூரில் புகுந்து, அவ்வூராராகவே நடந்துகொள்ளும் கதை. தமிழ் உரையாடல் மிகுந்தது.

மண்ணை விடாமை, வேற்று மண்ணில் கலத்தல்: புலம்பெயர்ந்த நமக்கு இரண்டும் அயலல்ல. தமிழ் ஒலித்த படத்தை அயலென ஒதுக்காது கேரளத்தார் போற்றினர். நாம் வாழும் ஊர்களில் விழா நடைபெறுங்கால், நாமும் அவ்வூர் மொழிப் படங்களைக் கண்டு, மொழி பாராது தகுதி நோக்கி வாக்கிடுவோம். அதுவே நன்றிக்கடன்.