பொம்மை செய்றவங்களுக்கு மேனேஜரா?

போன வாரம் மயூர் விஹாரில் ஒரு நண்பர் வீட்டு விசேஷம். அவர் பெண் பரோடாவில் சிற்பக்கலை முடித்துவிட்டு ஒரு சிற்ப அமைப்பில் க்யூரேட்டராகச் சேர்ந்திருக்கிறாள். இளம் சிற்பிகளைக் கைதூக்கி விடுகிற வேலை. இலையில் சாம்பார் விழுவதற்குள் நம்ம ஆள் ஒருவர் ஆரம்பித்துவிட்டார்: "பொம்மை செய்றவங்களுக்கு மேனேஜரா? பேசாம பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்லுங்க சார்." என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. பெண் தலை நிமிரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாவத்துக்குத்தான் இது.

சார், பார்லிமென்ட் தெருவில் ரிசர்வ் வங்கி வாசலில் யக்ஷனும் யக்ஷியும் நிற்கிறார்களே, பார்த்ததுண்டா? சாந்திநிகேதன் ராம்கிங்கர் பைஜ் செய்தது. 1950களின் நடுவில் ஒப்புக்கொண்ட வேலை, முடிய 1960களின் பின்பாதி ஆகிவிட்டது. சோம்பலா? அவ்வளவு பெரிய கல்லை மலையில் தேடி, வெட்டி, டெல்லிக்குக் கொண்டுவர வேண்டும். உளியும் பிடித்து, வண்டி வாடகையும் பேசி, கணக்கும் எழுது என்றால் வருஷக்கணக்கில் இழுக்கத்தான் செய்யும். (இதே மனிதர் 1938-ல் 'சாந்தால் குடும்பம்' சிலையை சிமெண்டிலும் செம்மண் கற்களிலும் செய்தார். வெண்கலத்துக்குக் காசு?)

அந்தக் கல்லுக்கும் கணக்குக்கும் கூட நிற்கிற ஆள்தான் க்யூரேட்டர். பட்டறை இடம் பிடிப்பது, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது, கண்காட்சி ஏற்பாடு செய்வது. எல்லாவற்றையும் விட, "இது தேறாது, மறுபடி செய்" என்று முகத்துக்கு நேரே சொல்வது.

நம்ம பாஷையில் சொல்கிறேன். வெண்கல வார்ப்புக்கு மெழுகு, உலோகம், கூலி எல்லாம் முன்பணம். விற்பது என்றைக்கோ. நூற்பாலைக்காரர் சரக்கைக் காட்டினால் கேஷ் கிரெடிட் கொடுக்கிறோம். சிற்பி பாதி முடிந்த சிலையைக் காட்டினால்? அப்படி வந்த ஒருவருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதை மதிப்பிட எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"சோழமண்டலத்தில் அவங்களே பார்த்துக்கலையா?" என்பீர்கள். பார்த்துக்கொண்டார்கள். பாத்திக் துணி விற்று நிலம் வாங்கி 1966-ல் குடியேறினார்கள். ஆனால் முன்னால் நின்று நடத்த பணிக்கர் என்று ஒருவர் வேண்டியிருந்ததே! அப்போது கலைக் கல்லூரி முதல்வர் அவர். பட்டம்தான் வேறு, செய்தது இந்தப் பெண்ணின் வேலை.

சம்பளம் குறைவு என்றீர்கள். வாஸ்தவம். அதற்கு அமைப்பை நடத்துகிறவர்களைத் திட்டுங்கள், பெண்ணை ஏன்? லீவுக்குப் போனால் மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு முன்னால் குடும்பத்தோடு போட்டோ. திரும்பி வந்து பக்கத்து வீட்டு பஞ்சாபியிடம், "எங்க ஊர் சிற்பம்" என்று பீற்றல். உளி பிடிக்கிறவனுக்கு ஒத்தாசை செய்ய நம் வீட்டுப் பெண் போனால் மட்டும் பந்தியில் கிண்டலா?

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு போன் செய்யப்போகிறேன். ஒரு சிற்பிக்கு ஆர்டர் கடிதம், வார்ப்புப் பட்டறையின் மதிப்பீடு, பழைய விற்பனைக் கணக்கு இந்த மூன்றையும் அவளால் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்க வேண்டும். முடிந்தால், டீயோடு அனுப்பினேனே, அவர் மனுவை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.