படத்தில் விழாத காயம்

குண்டுவெடிப்பில் தூக்கியெறியப்பட்ட சிப்பாய்க்கு ஊர் திரும்பிய பிறகும் தலைவலி விடுவதில்லை. கதவு அறைந்து சாத்தினால் உடம்பு பதறுகிறது. இது மூளைக்காயமா, மனக்காயமா என்று ஸ்கேனிடம் தீர்ப்புக் கேட்பது நியாயமில்லை. லேசான மூளைக்காயம் பட்ட 63 அமெரிக்க வீரர்களை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கமான ஸ்கேனில் தென்படாத நரம்பிழைச் சேதத்தை டிடிஐ என்ற சிறப்பு எம்ஆர்ஐ படம் காட்டியது உண்மை. ஆனால் அவர்களில் பலருக்கு அதிலும் கோளாறு தெரியவில்லை. அப்படியானால் அவர்கள் நடிக்கிறார்களா? படச் சான்று கேட்காவிட்டால் இழப்பீட்டுக்கான பொய்க் கோரிக்கைகள் பெருகும் என்ற கவலை எனக்கும் புரிகிறது. இருந்தும், காயம்பட்டோர், படாதோர் என்ற குழுக்களின் சராசரியில் தெரிகிற வேறுபாடு தனியொருவர் படத்தில் தெரிந்தாக வேண்டுமென்பதில்லை. ஈராக்கிலிருந்து திரும்பியவர்களைப் பற்றிய 2008ஆம் ஆண்டு ஆய்வில், அடிபட்டு நினைவிழந்தவர்களில் 43.9 சதவீதம் பேருக்கு மன அதிர்ச்சி நோயும் இருந்தது. இரண்டும் ஒரே தலைக்குள் இருக்க, ஒன்றைச் சொல் என்று அந்த மனிதரை ஏன் வாட்ட வேண்டும்?