கணக்கு வராதவனுக்குக் கைத்தொழிலா?

"படிப்பு ஏறவில்லையா? கராச்சில் விடுங்கள், ஒரு தொழிலையாவது பழகட்டும்."

வெள்ளவத்தையிலே வைத்தியரும் கணக்காளரும் பொறியியலாளரும் கூடும் வரவேற்பறைகளில் இவ்வாக்கியம் அடிக்கடி ஒலிக்கிறது. கொட்டாஞ்சேனையிலே, சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்தில் தவறிய மகனை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு பெற்றோரும் இதையே சொல்கின்றனர். முன்னவர் சொல்வது ஊரார் பிள்ளைக்கு வழங்கும் புத்திமதி. பின்னவர் சொல்வது தம் சொந்தப் பிள்ளைக்கு எழுதும் தீர்ப்பு. வாக்கியம் ஒன்றே, அதன் விலையைக் கொடுப்பவர் மட்டும் வேறு.

இவ்வாக்கியம் பொய் என்கிறோம் நாம். படிப்பைக் காப்பதுபோலத் தோன்றிப் படிப்பையும் கெடுக்கிறது; தொழிலை மதிப்பதுபோலத் தோன்றித் தொழிலையும் அவமதிக்கிறது. கணிதமும் மொழியும் வராதவனுக்கென்று ஒதுக்கப்பட்ட புகலிடமன்று தொழில். அவ்விரண்டும் இன்றி எந்தத் தொழிலிலும் ஒருவன் எடுபிடி நிலையைத் தாண்ட முடியாது.

மூலைமட்டம் சொல்லும் பாடம்

ஒரு மேசன் வீட்டுக்கு அத்திவாரக் கயிறு கட்டுவதைப் பாருங்கள். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து அடையாளமிடுகிறார். குறுக்கே 5 அடி சரியாக வந்தால் மூலை மட்டமாயிற்று என்கிறார். பைதகரசின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார், தேற்றத்தை அறிவார். வெள்ளவத்தையில் மாலைதோறும் மூன்று ரியூசன் வகுப்புகளுக்கு ஓடும் மாணவனோ தேற்றத்தை ஒப்புவிப்பான். கயிற்றைக் கையிற் கொடுத்தால் விழிப்பான். ஒருவருக்குப் பெயர் தெரியாது. மற்றவனுக்குப் பொருள் தெரியாது. ஆயினும் புதியதொரு வரைபடத்தைக் கொடுத்துச் சரிவும் கொள்ளளவும் கேட்டால் மேசனும் நின்றுவிடுகிறார். வழக்கம் கற்றுக்கொடுத்த எல்லை அவ்வளவே.

கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள செட்டியார் தெருவுக்குச் செல்லுங்கள். 8 கிராம் பசும்பொன்னை 22 கரட் ஆக்க எவ்வளவு செம்பு சேர்க்கவேண்டும்? ஏறத்தாழ 0.73 கிராம். இந்த விகிதக் கணக்கை அறிந்தவர் முதலாளியோடு சமமாக நின்று பேசுவார். அறியாதவர் முதலாளி சொன்ன சேதாரத்துக்குத் தலையசைப்பார்.

கமக்காரரின் கதையும் இதுவே. பத்து லீற்றர் தண்ணீருக்கு 15 மில்லிலீற்றர் மருந்து என்று போத்தலில் எழுதியிருக்கிறது. அவர் தோளில் இருப்பதோ 16 லீற்றர்த் தாங்கி. 24 மில்லிலீற்றர் ஊற்றவேண்டியவர் கண்மதிப்பில் ஒரு மூடி கூட ஊற்றினால் பணமும் போகும், பயிரும் போகும், உடம்பும் கெடும். மாதம் நூற்றுக்கு நான்கு ரூபா வட்டி என்று கடன்காரன் இனிமையாகச் சொல்கிறான். நாலு ரூபாதானே என்று கையொப்பம் வைக்கிறார். அது ஆண்டுக்கு 48 வீதம்; கட்டாத வட்டி முதலோடு சேர்ந்தால் 60 வீதம். இக்கணக்கைப் போடத் தெரியாமையால் காணி உறுதியை ஈடு வைத்தவனிடம், "உனக்குக் கணிதம் தேவையில்லை" என்று எவர் சொல்லத் துணிவார்?

கையடக்கத் தொலைபேசி கணக்குப் போடுமே என்பார் சிலர். போடும். எந்தக் கணக்கைப் போடவேண்டும் என்பதை அது சொல்லாது.

உத்தியோகம் என்னும் மயக்கம்

இந்த நோய் நேற்று வந்ததன்று. 1823இல் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. அங்கு கற்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதத்தைத் தமிழிலேயே நூலாக்கினார். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். இரணவைத்தியமும் கெமிஸ்தமும் தமிழ் நூல்களாயின. அறுவை வைத்தியத்தைவிடக் கைத்திறன் வேண்டும் தொழில் யாது? மொழியும் கணிதமும் கைத்திறனும் ஒன்றாக நின்ற காலம் இம்மண்ணிலேயே இருந்தது.

பின்னர் நேர்ந்தது என்ன? ஆங்கிலம் அரசாங்க உத்தியோகத்துக்குச் சாவி என்று கண்டோம். கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் இலிகிதர்களை அனுப்பினோம். மணியோடரில் வந்த பணத்தில் கல்வீடு கட்டினோம். கல்வி என்றால் உத்தியோகம், உத்தியோகம் என்றால் பேனை என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தோம். கலப்பை பிடித்த தந்தையே, "என்னைப்போல் மண்ணைக் கிளறாதே" என்று மகனை அனுப்பினார். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது அந்த ஒற்றைக் கதவு முகத்திலறைந்தாற்போல் சாத்தப்பட்டது. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது பல்கலைக்கழகக் கதவும் ஒடுங்கியது. இழைக்கப்பட்டது அநீதி; அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால், ஒரே கதவைக் கொண்ட வீட்டைக் கட்டியவர் யார்? அக்கேள்வியை நம்மை நோக்கியும் கேட்கவேண்டும்.

இன்றும் நாம் திருந்தவில்லை. ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உயர்தரப் பரீட்சை எழுதுகின்றனர். அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்பது 50,000க்கும் குறைவானோரையே. எஞ்சியோரெல்லாம் தோற்றவர் என்றா நாம் எண்ணுவது? வெள்ளவத்தை நெசவாலை நின்ற நிலத்தில் இன்று வானளாவிய அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவற்றிலே மின்தூக்கி நின்றுவிட்டால், பட்டம் பெற்ற நால்வர் கூடிநின்று, தொழில் தெரிந்த ஒரு பாஸின் வரவுக்காகக் காத்திருப்பர். அவர் வந்து திருத்திய பின்னர், அவருக்குத் தம் வீட்டில் நாற்காலி கொடுக்கத் தயங்குவர்.

தண்டனையான தொழில்

தொழிற்கல்வி வேண்டும் என்பாரிலும் இருவகையினர் உளர். 1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசி அரசாங்கம், ஆரம்பப் பாடசாலை நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. தமிழகம் அதனைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் எதிர்த்தது தொழிலையன்று; வண்ணான் மகன் வண்ணானாகவே இருக்கட்டும் என்று எழுத்தையும் கணக்கையும் பாதியிற் பறித்ததையே எதிர்த்தனர்.

இலங்கையில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் எல்லா மாணவருக்கும் தொழில்முன்னிலைப் பாடங்களை வைத்தது. எண்ணம் நன்று. ஆனால் பெற்றோர் அதனை இரண்டாந்தரம் என்று முகஞ்சுளித்தனர். 1977இல் ஆட்சி மாறிய பின்னர் அது மறைந்தது. 2017 முதல் 13 ஆண்டு உத்தரவாதக் கல்வி நடைபெறுகிறது. சாதாரணதரப் பெறுபேறு எதுவாயினும் தொழிற்பிரிவிலே தொடர்ந்து கற்க அது வழிசெய்கிறது. எவரையும் தெருவில் விடாத அந்நோக்கத்தை வரவேற்கிறோம். ஆனால் கணிதத்தில் தவறியவனை ஏற்பதோடு கடமை முடிந்ததா? அவன் ஏன் தவறினான் என்று கண்டு, அக்கணிதத்தை மரத்திலும் இரும்பிலும் மின்கம்பியிலும் காட்டி மீண்டும் கற்பிக்காவிட்டால், அது கல்வியன்று, காத்திருப்பறை.

தேசிய தொழிற்தகைமைக்கு ஏழு படிகள் உண்டு. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தொழிற்கல்விக்கென ஒரு பல்கலைக்கழகமே அமைந்தது. அது வெள்ளவத்தையிலிருந்து மூன்று புகையிரத நிலையங்களுக்கு அப்பால், இரத்மலானையில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் உதவியுடன் 2016இல் தொழிற்பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. ஏணி நிற்கிறது. கணக்கும் மொழியும் இல்லாதவன் அதன் கீழ்ப்படியிலேயே நிற்பான்.

எந்த மொழி?

மொழி என்றதும், "ஆங்கிலந்தானே?" என்கிறது வெள்ளவத்தை. ஆங்கிலம் வேண்டும், சிங்களமும் கொழும்பில் வாழ்பவனுக்கு வேண்டும். இவை இரண்டையும் தாங்கும் அத்திவாரம் எங்கே? வீட்டிலே பாதித் தமிழ், பாடசாலையிலே பாதி ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை, ஒரு பந்தியை எந்த மொழியிலும் பிழையற எழுத இயலாமல் நிற்கிறது. கணிதத்திலே அது தவறுவதும் பெரும்பாலும் எண்ணாலன்று. கேள்வியை வாசித்து விளங்க இயலாமையால். கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கோ வேறு துன்பம். பயிற்சி நிலையத்தின் வாயிலை அடைந்தபின், தமிழில் கற்பிக்க ஆசிரியர் இல்லை என்ற பதில் கிடைக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அது பெயர்ப்பலகைக்கு மட்டும் ஆன மொழியா? பட்டறைக்கும் ஆய்வுகூடத்துக்கும் ஆனதில்லையா?

அரசாங்கத்தை நாம் கேட்பது இது: தமிழ்ப் பிள்ளை பயிலும் தொழிற்பயிற்சி நிலையம் ஒவ்வொன்றிலும் தமிழறிந்த போதனாசிரியர், தமிழிலே பாடநூல், தமிழிலே பரீட்சை. பாடசாலைகளைக் கேட்பது: ஐந்தாம் வகுப்பைக் கடக்கும் எப்பிள்ளையும் ஒரு பந்தியை வாசித்துச் சொல்லவும், பின்னமும் விகிதமும் செய்யவும் வல்லதாய் இருத்தல். புலமைப்பரிசில் பெறும் சிலரின் படத்தை மாட்டிவிட்டுப் பின்வாங்கில் இருப்பவரை மறக்கும் பாடசாலை பாடசாலையாகாது.

உத்தியோகம் பார்ப்போரே, உங்கள் பிள்ளையின் கையில் ஒரு நாளாவது உளியைக் கொடுங்கள். கமம் செய்வோரே, தொழிலாளரே, "என் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், உங்களை ஏமாற்றுவோர் விரும்புவது அச்சொல்லையே. ஏட்டை மட்டும் பிடித்த கை ஒரு கதவு சாத்தப்பட்டதும் வெறுங்கையாயிற்று. உளியை மட்டும் பிடித்த கை பிறர் சொன்ன கூலிக்கு நீண்டது. இரண்டையும் பிடித்த கையை எவர் மடக்க முடியும்?